இரண்டு தொனிகளுக்கு எவ்வளவு இடம்?

செப்டம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் 20 மீட்டர் பட்டையில் 14.080 மெகாஹெர்ட்ஸுக்கு ரிசீவரைத் திருப்பினால் காது கூசும். இரண்டு தொனிகள் மாறி மாறித் துடிக்கும் கிலுகிலுப்பு ஒன்று; அதை ஒட்டி இன்னொன்று; அதன்மேல் ஏறி உட்கார்ந்தபடி மூன்றாவது. இப்படியே மேலே பல கிலோஹெர்ட்ஸ் தூரம். 1987-இல் தொடங்கிய சிக்யூ உலக ரிட்டி போட்டி நடக்கும் 48 மணி நேரம் அது. ரேடியோ டெலிடைப் என்பதைத்தான் அமெச்சூர் வானொலிக்காரர்களான ஹாம்கள் ரிட்டி என்கிறார்கள். தந்தி அலுவலகங்களில் தடதடத்த டெலிபிரிண்டரின் அதே ஐந்து துடிப்புக் குறியீடு, கம்பியை விட்டுக் காற்றில் போகிறது. அச்சடிக்கும் இயந்திரம் போய்க் கணினித் திரை வந்துவிட்டது. குறியீடும் வேகமும் மாறவில்லை.

இந்த நெரிசலுக்குள், தென் அமெரிக்காவிலிருந்து மெல்லிசாக வரும் ஒருவரின் அழைப்புக்குறியைத் திரையில் பிழையில்லாமல் வரவழைக்க வேண்டுமென்றால் ரிசீவரில் எந்த ஃபில்டர் இருக்க வேண்டும்? 500 ஹெர்ட்ஸ் தாராளம் என்று ஒரு கட்சி. 250 இல்லாமல் போட்டிப் பக்கமே போகாதே என்று எதிர்க்கட்சி. நடுவே 400-காரர்கள். இந்தத் தகராறு பல காலமாகத் தீராமல் இருப்பதற்குக் காரணம், ஃபில்டர் எதற்கு என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் வேறு விடையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவது. இரைச்சலைக் குறைக்கத்தான் ஃபில்டர் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய ரிட்டியில் அந்த வேலையில் ரிசீவர் ஃபில்டரின் பங்கு மிகச் சொற்பம். பக்கத்தில் உரக்கக் கத்துகிறவரை வாசலிலேயே நிறுத்துவதுதான் அதன் உண்மையான உத்தியோகம்.

முதலில் சிக்னலின் உடல்வாகைப் பார்த்துவிடலாம். அமெச்சூர் ரிட்டியின் வேகம் 45.45 பாட். ஒரு துடிப்புக்கு 22 மில்லிவினாடி. ஓர் எழுத்துக்குத் தொடக்கத் துடிப்பு ஒன்று, செய்தித் துடிப்புகள் ஐந்து, கொஞ்சம் நீண்ட நிறுத்தத் துடிப்பு ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒரு வினாடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. துடிப்பு இருந்தால் 'மார்க்' என்ற தொனி, இல்லாவிட்டால் 'ஸ்பேஸ்' என்ற தொனி. இரண்டுக்கும் நடுவே 170 ஹெர்ட்ஸ். இப்படிப்பட்ட சிக்னலுக்கு எவ்வளவு அகலம் தேவை என்பதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்திடம் ஒரு சூத்திரம் இருக்கிறது: தொனி இடைவெளியை 1.2-ஆல் பெருக்கி, அதோடு பாட் வேகத்தைக் கூட்டு. 204-உம் 45-உம் சேர்ந்து 250-க்கு ஒரு முடி குறைவு. 250 ஹெர்ட்ஸ் கட்சியின் கொடியில் இருப்பது இந்த எண்தான்.

ஆனால் சிக்னலின் அகலமும் ஃபில்டரின் அகலமும் ஒன்றாக இருந்தால் போதும் என்று சொல்ல, ஃபில்டர் விளிம்புவரை சமதரையாக இருக்க வேண்டும். சிக்னல் அதன் நட்டநடுவில் வந்து உட்கார வேண்டும். நடைமுறையில் இரண்டுமே அபூர்வம்.

இவ்வளவு கறாராகப் பார்ப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. எமில் போடோ 1874-இல் காப்புரிமை பெற்ற ஐந்து துடிப்பு முறையிலிருந்து வளர்ந்த இந்தக் குறியீட்டில் பிழை திருத்தும் ஏற்பாடு எதுவும் கிடையாது. ஐந்து துடிப்புகளால் 32 சேர்க்கைகளே சாத்தியம். எழுத்துகளும் எண்களும் அதில் அடங்காது என்பதால் தட்டச்சு இயந்திரத்தின் ஷிஃப்ட் விசை மாதிரி 'இனி எண்கள்', 'இனி எழுத்துகள்' என்று அறிவிக்கும் இரண்டு குறிகள் உண்டு. அந்த அறிவிப்பு ஒரு சொடக்கில் அழிந்தால் பின்னால் வருவதெல்லாம் தலைகீழ். விசைப்பலகையின் மேல்வரிசையில் 5-க்குக் கீழே இருப்பது டி, 9-க்குக் கீழே ஓ. ஆகவே 599 என்று அனுப்பிய சிக்னல் மதிப்பீடு திரையில் 'டி ஓ ஓ' என்று விழும். போட்டியில் இந்தியாவும் இலங்கையும் இருக்கும் 22-ஆம் மண்டலத்தின் எண், இரண்டு 'டபிள்யூ' ஆகிவிடும். பழகியவர்கள் இதைப் பார்த்தவுடனே மனத்துக்குள் மாற்றிப் படித்துவிடுவார்கள். அழைப்புக்குறியில் ஒரு துடிப்பு மாறினால் அப்படிப் படிக்க முடியாது. வேறு ஒரு நிலையத்தின் பெயர் பதிவேட்டில் ஏறும்.

'எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது' என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடினால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் போய் நிற்கும். கழித்துக்கட்டப்பட்ட டெலிடைப் இயந்திரங்கள் மலிவாகக் கிடைத்தன. உயர் அலைவரிசைப் பட்டைகளில் அதிர்வெண்ணை மாற்றி அனுப்பும் முறைக்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 1953-இல் அனுமதி தந்தது. அன்று தொனி இடைவெளி 850 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் 1,065 ஹெர்ட்ஸ் அகலம் வரும். பேச்சுக்கான சாதாரண ஃபில்டரே அதற்குப் போதும். குறுகல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆஸிலேட்டர்கள் நிலையாக நிற்கத் தொடங்கிய பிறகுதான் 170 பரவியது.

அந்தக் காலத்து ஹாம்களின் கையில் இருந்த பொக்கிஷம் 88 மில்லிஹென்றி சுருள்கள். தொலைபேசிக் கம்பிகளில் பேச்சு தேயாமல் இருக்க நிறுவனங்கள் வழியெங்கும் பொருத்தியிருந்த வளையச் சுருள்கள் அவை. பழைய இரும்பு விலைக்கு வெளியே வந்தன. அதோடு 0.064 மைக்ரோஃபாரட் அளவுக்கு மின்தேக்கி சேர்த்தால் 2125 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு, அதுவே மார்க். 0.033 சேர்த்தால் 2975-க்குப் பக்கத்தில், அது 850 இடைவெளிக்கான ஸ்பேஸ். 170 வந்த பிறகு ஸ்பேஸ் 2295-க்கு இறங்கியது. தொனிகளை இவ்வளவு உயரத்தில் வைத்ததிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: 2125-இன் இரண்டாம் மடங்கு 4250, டிரான்ஸ்மிட்டரின் பேச்சு ஃபில்டர் அதை வெளியே விடாது. பேச்சு ஃபில்டரின் மேல்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்க விரும்பாத ஐரோப்பியர்கள் பலர் 1275, 1445 என்ற தாழ்ந்த தொனிகளை வைத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சின்னக் கிளைவழி. சென்னை கிண்டியில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ், இத்தாலியின் ஒலிவெட்டியோடு கூட்டுச் சேர்ந்து இயந்திரங்களைத் தயாரித்தது. நாளிதழ் அலுவலகங்களிலும் தந்தி நிலையங்களிலும் வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தடதடப்பு இன்றும் காதில் இருக்கும். டெலக்ஸ் உலகம் 50 பாட் வேகத்தில் ஓடியது. அமெச்சூர்கள் மட்டும் நிமிடத்துக்கு 60 சொல் அடித்த அமெரிக்க இயந்திரங்களின் 45.45-இலேயே நின்றுவிட்டார்கள். இயந்திரம் எதுவுமே இல்லாத இன்றைய மென்பொருளும் அந்தப் பல்சக்கரங்களின் வேகத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பது வேடிக்கைதான்.

சுருள்களுக்குத் திரும்பலாம். தொனிகளைத் துடிப்புகளாக மாற்றித் தந்த அன்றைய டிமாடுலேட்டர்களில் பெரும்பாலானவை 'லிமிட்டர்' வகை. உள்ளே வருவது பெரிதோ சிறிதோ, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்டு, எந்தத் தொனி என்று மட்டும் பார்ப்பது அதன் வழி. சிக்னல் ஏறி இறங்கினாலும் இது அசராது. ஆனால் ஒரு கெட்ட குணம் உண்டு: இரண்டு சிக்னல்கள் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்தால் பலசாலி மட்டுமே உள்ளே போவான், இளைத்தவன் தடமில்லாமல் அழிவான். ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கூடுதல் இரைச்சல் நுழைந்தாலும் லிமிட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே லிமிட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு லாபம். 1970-களில் பரவலாகக் கட்டப்பட்ட இர்வின் ஹாஃபின் எஸ்டி-6 வடிவமைப்பின் முகப்பில் 850-க்கும் 170-க்கும் தனித்தனிப் பட்டை ஃபில்டர்கள் இருந்தது இதனால்தான். 'குறுக்கு, இன்னும் குறுக்கு' என்ற உபதேசம் அந்த இயந்திரங்களுக்கு முழுக்கச் சரி.

இன்றைக்குப் பெரும்பாலோர் வைத்திருப்பது மென்பொருள். ஜப்பானின் மகோடோ மோரி எழுதிய எம்எம்டிடிஒய், இங்கிலாந்தின் டேவிட் விக்ஸின் டூடோன், டேவ் ஃப்ரீஸின் எஃப்எல்டிஜி ஆகியவை அதிகம் புழங்குகின்றன. நல்ல டிகோடர் மார்க்குக்கு ஒன்று, ஸ்பேஸுக்கு ஒன்று என்று மிக ஒடுங்கிய இரண்டு ஃபில்டர்களைத் தனக்குள்ளேயே கட்டிக்கொள்கிறது. 22 மில்லிவினாடித் துடிப்புக்குக் கணிதம் அனுமதிக்கும் சிறந்த ஃபில்டரின் இரைச்சல் அகலம் அதன் தலைகீழ், அதாவது ஏறத்தாழ 45 ஹெர்ட்ஸ். அதற்கு வெளியே இருக்கும் இரைச்சலை டிகோடர் எப்படியும் தூக்கி எறியத்தான் போகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2400 ஹெர்ட்ஸ் பேச்சு ஃபில்டரிலிருந்து 250-க்கு இறங்கினால் காதில் விழும் இரைச்சல் ஏறக்குறைய 10 டெசிபல் குறையும். ஹெட்ஃபோனில் பெரிய நிம்மதி. 500-லிருந்து 250-க்கு இறங்கினால் 3 டெசிபல். காதுக்குக் கிடைக்கும் இந்த நிம்மதி டிகோடருக்குக் கிடையாது. அது பார்க்கும் 45 ஹெர்ட்ஸில் இருக்கும் இரைச்சல் மூன்று நிலைகளிலும் அதேதான். பட்டை காலியாகக் கிடக்கும் ஒரு வாரநாள் பிற்பகலில் பேச்சு ஃபில்டரைத் திறந்தே வைத்துக்கொண்டு ரிட்டி படித்தாலும் எழுத்துப் பிழை கூடாது.

கூடுவது பக்கத்து வீட்டுக்காரர் வந்த பிறகு. நாம் படிக்க விரும்பும் நிலையம் எஸ்-5 வலுவில் வருகிறது. 400 ஹெர்ட்ஸ் தள்ளி ஒருவர் எஸ்-9-க்கு மேல் 20 டெசிபல் வலுவில் இறங்குகிறார். வித்தியாசம் 44 டெசிபல். சக்தியில் 25,000 மடங்கு. நமக்கு நெருக்கமான அவரது தொனி, நம் நடுப்புள்ளியிலிருந்து 315 ஹெர்ட்ஸ் தூரத்தில் விழுகிறது. 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரின் விளிம்பு 250-இல் முடிகிறது. 60 டெசிபல் ஆழத்தில் அகலம் இரட்டிப்பாகும் நடுத்தரமான ஃபில்டர் என்று வைத்துக்கொண்டால், 315-இல் அது 20 டெசிபல் அளவுக்குத்தான் வெட்டும். மிச்சமுள்ள 24 டெசிபல் உபரியோடு அவர் உள்ளே நிற்பார். அதே சரிவுள்ள 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் 250-இலேயே 60 டெசிபல் ஆழம் வந்துவிடுவதால் 315-இல் அவர் சுவடு தெரியாது.

24 டெசிபல் உபரியையும் டிகோடரின் ஒடுங்கிய ஃபில்டர்கள் சமாளிக்கும். அவற்றால் சமாளிக்க முடியாதது ஏஜிசி. ரிசீவரின் ஒலியளவைத் தானாகச் சீர்செய்யும் இந்தச் சுற்று, ஃபில்டருக்குள் நுழைந்த எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. ஆடி மாதத்துக் கோயில் ஒலிபெருக்கிக்குப் பயந்து சன்னலைச் சாத்தினால் வாசலில் கூப்பிடுகிறவர் குரலும் கேட்காமல் போவதைப் போல, பக்கத்துக்காரர் அனுப்பத் தொடங்கியதும் ஏஜிசி நம் நிலையத்தையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. அவர் நிறுத்தியதும் மேலே தூக்கி விடுகிறது. ரிட்டி அனுப்புகிறவர் மோர்ஸ் மாதிரி இடைவெளி விடுவதில்லை. அனுப்பும் நேரம் முழுக்க முழுச் சக்தி. ஒவ்வொரு தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு மூன்று எழுத்துகள் குப்பையாகின்றன. ஏஜிசியை அணைத்துவிட்டு ஆர்எஃப் கெயினைக் கையால் குறைத்து வைப்பது பழைய வித்தை. காசு செலவில்லாதது என்பதாலோ என்னவோ, அதற்கு மரியாதை குறைவு.

இதனால்தான் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பது அதன் அகலத்தைவிட முக்கியமாகிறது. ரிசீவரின் ஸ்பீக்கர் வாசலில் மாட்டும் ஒலி ஃபில்டர் எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் ஏஜிசிக்குப் பின்னால் நிற்கிறது; ஒலியளவு ஏற்கனவே அமுங்கிய பிறகு வந்து சேர்கிறது. இடைநிலை அதிர்வெண்ணில் இருக்கும் படிக ஃபில்டர் ஏஜிசிக்கு முன்னால் நிற்கிறது. அதற்கும் முன்னால், முதல் கலப்பியை ஒட்டி இருப்பதுதான் 'ரூஃபிங்' ஃபில்டர். பின்னால் வரும் ஆம்ப்ளிஃபயர்களும் கலப்பிகளும் திணறாமல் காப்பது அதன் பொறுப்பு.

அமெரிக்கப் பொறியாளர் ராப் ஷெர்வுட் 1977-இலேயே எழுதிச் சுட்டிக்காட்டிய சங்கடம் இது. ஆய்வுக்கூடத்தில் பல கிலோஹெர்ட்ஸ் தூரத்தில் இரண்டு சிக்னல்களை வைத்துச் சோதித்தால் பிரமாதமாக இருக்கும் ரிசீவர், 2 கிலோஹெர்ட்ஸ் நெருக்கத்தில் வைத்தால் கை விரிக்கிறது. இரண்டு பலமான சிக்னல்கள் உள்ளே கைகோத்து இல்லாத மூன்றாவது சிக்னலைப் பெற்றெடுக்கின்றன. அது நம் ஆள் மேலேயே வந்து விழலாம். 1980-களிலும் 90-களிலும் வந்த பெரும்பாலான ரேடியோக்களின் முதல் இடைநிலை அதிர்வெண் 70 மெகாஹெர்ட்ஸ் அருகே இருந்தது. அந்த உயரத்தில் ரிட்டிக்கேற்ற ஒடுக்கமான படிக ஃபில்டர் செய்வது சாத்தியமில்லை. ரூஃபிங் ஃபில்டர் 15 கிலோஹெர்ட்ஸ் அளவில் அகன்று கிடந்தது. போட்டி நாளில் அந்த 15 கிலோஹெர்ட்ஸுக்குள் எத்தனை ரிட்டி நிலையங்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். இடைநிலையை 8, 9 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிய டென்-டெக் ஓரியன், 2007-இல் அறிமுகமான எலெக்ராஃப்ட் கே3 போன்றவை வந்த பிறகுதான் சில நூறு ஹெர்ட்ஸ் ரூஃபிங் ஃபில்டர் சாதாரண ஹாமின் மேசைக்கு வந்தது.

கே3 ஒரு வேடிக்கையான பாடத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. அதற்கு விற்கப்பட்ட, எட்டுப் படிகங்கள் கொண்ட ஃபில்டர்களில் 250 என்று பெயரிட்டதன் உண்மையான அகலம் 370 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தது. 400 என்றது 435 அளவில். பெயரை நம்பி 250-ஐ ரிட்டிக்கு ஆகாது என்று ஒதுக்கியவர்கள் அளந்து பார்த்தபோது அதுவே ரிட்டிக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. இரண்டையும் வாங்கிப் போட்டவர்கள் 65 ஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்காக இரண்டாவது தடவை நூறு டாலருக்கு மேல் செலவழித்தார்கள். ஃபில்டர் மேல் அச்சிட்ட எண்ணை ஒரு பெயராக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. 6 டெசிபலில் அகலம் என்ன, 60 டெசிபலில் என்ன என்ற இரண்டு எண்கள்தான் ஜாதகம்.

சரி, குறுகலான ஃபில்டரில் நஷ்டமே இல்லையா? உண்டு, பெரும்பாலும் கவனிக்கப்படாத இடத்தில். 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரின் நடுவிலிருந்து விளிம்பு 125 ஹெர்ட்ஸ். தொனி இருப்பது 85-இல். மிச்சம் 40. எதிரே இருப்பவர் 40 ஹெர்ட்ஸ் தள்ளி அழைத்தால் அவரது ஒரு தொனி விளிம்பில் தொங்கும். 60 தள்ளினால் அது சரிவில் உருண்டுவிடும். 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் இந்தச் சலுகை 165 ஹெர்ட்ஸ். ஒரே அதிர்வெண்ணில் உட்கார்ந்து 'சிக்யூ' போட்டு அழைப்பவருக்கு இது வாழ்வா சாவா விஷயம். தன்னை அழைக்கிறவர்கள் எல்லோரும் துல்லியமாக டியூன் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 250-இல் ஒடுங்கி உட்கார்ந்தவர் பட்டை காலியென்று நினைத்துக்கொண்டிருப்பார். 80 ஹெர்ட்ஸ் தள்ளி ஒருவர் மூன்று முறை கூப்பிட்டு அலுத்துப் போயிருப்பார். பட்டை முழுக்க மேய்ந்து மற்றவர்களைத் தேடிப் பிடிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. டியூன் செய்வது அவர் கையில்தான் இருக்கிறது. ஆகவே ஒரே ஆபரேட்டர், ஒரே ரேடியோ, ஒரே மாலை, ஆனால் இரண்டு வேலைக்கு இரண்டு அகலம்.

விளிம்பில் இன்னொரு தொல்லையும் காத்திருக்கிறது. செங்குத்தான சரிவுள்ள படிக ஃபில்டரில் எல்லா அதிர்வெண்களும் ஒரே நேரத்தில் வெளிவருவதில்லை. விளிம்பருகே உள்ளவை தாமதமாக வரும், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். நடுவிலிருந்து விலகிய சிக்னலின் ஒரு தொனி விளிம்பிலும் மற்றது உள்ளேயும் இருந்தால், ஒன்று பிந்தி ஒன்று முந்தி வந்து 22 மில்லிவினாடித் துடிப்பின் ஓரங்களைக் குழப்பும். சிக்னலை எண்களாகக் கையாளும் டிஎஸ்பியில் கணக்கிட்டு அமைக்கும் ஃபில்டர்களை எல்லா அதிர்வெண்ணுக்கும் சமத் தாமதமாக வடிவமைக்க முடியும் என்பதால் அங்கே 250-கூடப் பயமில்லாமல் போடலாம். படிகத்தை அகலமாகவும் டிஎஸ்பியை ஒடுக்கமாகவும் வைப்பது என்ற இன்றைய பரவலான பழக்கம் இந்த இடத்தில்தான் வேர்விட்டது.

அயனி மண்டலமும் தன் பங்குக்கு விளையாடும். ஒரே சிக்னல் இரண்டு வழிகளில் வந்து சேரும்போது இரண்டுக்கும் 3 மில்லிவினாடி அளவு கால வேறுபாடு இருந்தால், 170 ஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் இரு தொனிகளில் ஒன்று உச்சத்திலும் மற்றது பள்ளத்திலும் இருக்கும். சில வினாடிகளில் இது மாறிவிடும். எந்த ஒரு தொனி உயிரோடு இருந்தாலும் அதை வைத்துக்கொண்டே படிக்கும் வித்தை நல்ல டிகோடர்களுக்குத் தெரியும். ஃபில்டர் ஒரு தொனியை ஏற்கனவே விளிம்பில் நசுக்கி வைத்திருந்தால், மற்றது பள்ளத்தில் விழும் கணத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. துருவப் பகுதியைக் கடந்து வரும் சிக்னல்களில் தொனியே பல ஹெர்ட்ஸுக்குச் சிதறிப் படபடக்கும். அங்கே ஒடுக்கம் நேரடி நஷ்டம். எம்எம்டிடிஒய்யில் படபடப்புக்கு என்றே ஓர் அமைப்பு உண்டு, பலவழிச் சிதைவுக்கு வேறொன்று. போட்டிக்காரர்கள் ஒரே ஒலியை இரண்டு மூன்று டிகோடர்களுக்கு வெவ்வேறு அமைப்பில் ஊட்டி, எந்தச் சன்னலில் அழைப்புக்குறி ஒழுங்காக வருகிறது என்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்க வேண்டுமென்றால் ரிசீவர் ஃபில்டர் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. கொஞ்சம் தாராளமாக உள்ளே விட வேண்டும்.

ஐகாம் ரேடியோக்களில் இருக்கும் 'ட்வின் பீக்' ஃபில்டரை இந்தக் கோணத்தில்தான் எடைபோட வேண்டும். இரண்டு தொனிகளின் இடத்தில் மட்டும் இரண்டு மேடுகளை எழுப்பி நடுவில் பள்ளம் விடுவது அது. காதுக்கு அருமையாக இருக்கும். ரேடியோவின் சொந்தத் திரையில் எழுத்துப் படிக்கிறவருக்கு உதவவும் செய்யும். கணினியில் நல்ல டிகோடர் வைத்திருப்பவருக்கு அதே வேலை இரண்டு முறை நடக்கிறது, டியூனிங் சலுகை போனதுதான் மிச்சம். கடைக்காரர் இதைப் பெரிதாகக் காட்டினால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளலாம்.

2016-இல் வந்த ஐகாம் ஐசி-7300 போன்ற ரேடியோக்கள் பட்டையை நேரடியாக எண்ணாக மாற்றிவிடுகின்றன. அவற்றில் படிக ரூஃபிங் ஃபில்டர் கிடையாது, வாங்க வேண்டிய ஃபில்டரும் இல்லை; 250, 350, 500 எல்லாம் பொத்தானில். கவலை இடம் மாறியிருக்கிறது. அந்தப் பட்டையில் வரும் எல்லாச் சிக்னல்களின் கூட்டுத்தொகையையும் எண்மாற்றி ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். அது நிரம்பி வழிந்தால் பின்னால் எவ்வளவு ஒடுக்கமான ஃபில்டர் இருந்தும் பயனில்லை. முன்னால் ஒரு அட்டெனுவேட்டரைப் போடுவதே மருந்து. பெரிய ஆன்டெனாவும் அருகிலேயே இன்னொரு போட்டி நிலையமும் இல்லாதவருக்கு இது அடிக்கடி வராது.

எந்த ஃபில்டராலும் தீராத வியாதிகளையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து நிலையம் ஒலியை அளவுக்கு மீறி ஏற்றி அனுப்பினால், அதன் சிதைவுகள் நம் 250 ஹெர்ட்ஸுக்குள்ளேயே வந்து விழும். மார்க்கிலிருந்து ஸ்பேஸுக்கு வெட்டுக்கத்தியாக மாறும் டிரான்ஸ்மிட்டர்களின் சொடக்கொலியும் அப்படியே. உள்ளே விழுந்ததை வெளியே தள்ள ஃபில்டருக்கு வழியில்லை. நம் ரிசீவரின் ஆஸிலேட்டரே இரைச்சலாக இருந்தால் பக்கத்துப் பலசாலி அந்த இரைச்சலைத் தூக்கி நம் சிக்னல் மேல் பரப்புவான். அதற்கும் மருந்து ஃபில்டரில் இல்லை. மலிவான பழைய ரேடியோவுக்கு விலையுயர்ந்த ஃபில்டர் வாங்குமுன் இந்தக் கணக்கைப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

அப்படியானால் எதை வாங்குவது? நேரடி எண்மாற்று ரேடியோ வைத்திருப்பவர் ஒன்றும் வாங்க வேண்டாம். அழைக்கும்போது 500, தேடும்போது 300 அருகே, ஒருவர் தோளில் ஏறி உட்கார்ந்தால் 250. கே3 போன்றதற்கு உண்மையில் 370-லிருந்து 450-க்குள் வரும் ஒரே படிக ஃபில்டர் போதும்; மீதியை டிஎஸ்பி பார்த்துக்கொள்ளும். இரண்டாம் கைச் சந்தையில் கென்வுட் டிஎஸ்-850 மாதிரி ஒன்றைப் பிடிப்பவரின் நிலைதான் சுவாரசியமானது. அதில் 8.83 மெகாஹெர்ட்ஸ், 455 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு இடைநிலைகளிலும் விருப்ப ஃபில்டருக்கு இடம் உண்டு. முதலாவதற்கு 500, 270 என்றும், இரண்டாவதற்கு 500, 250 என்றும் கென்வுட் விற்றது. இரண்டு இடத்திலும் 500 போட்டால் சரிவுகள் கூடிச் செங்குத்தாகும். ஒவ்வொன்றும் 3 டெசிபல் இறங்கும் இடமே சேர்ந்து 6 டெசிபல் ஆகிவிடுவதால் மொத்த அகலம் 500-க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். ரிட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி அந்த ரேடியோவுக்கு அமையாது. இரண்டிலும் குறுகலானதைப் போடுவது மோர்ஸ் பிரியர்களுக்கு. அடிக்கடி நெரிசலில் மாட்டுபவர் 455-இல் மட்டும் 250-ஐ வைத்து, தேவையானபோது பொத்தானால் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கியது எதுவானாலும் அளந்து பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆன்டெனாவைக் கழற்றாமல், சிக்னல் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் ரிசீவரை நிறுத்தி, அதன் ஒலியைக் கணினியின் நிறமாலை மென்பொருளுக்குக் கொடுத்துச் சில நிமிடம் சராசரி எடுக்க விட்டால், பட்டை இரைச்சலே ஃபில்டரின் உருவத்தை வரைந்து காட்டிவிடும். மேட்டின் உச்சியிலிருந்து 6 டெசிபல் கீழே இருபுறமும் எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் உண்மையான அகலம் தெரியும். உயர்தொனிக்காரர்கள் மேட்டின் நடு 2210 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும், தாழ்தொனிக்காரர்கள் 1360-இல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல ரேடியோக்களில் அது 50, 60 ஹெர்ட்ஸ் தள்ளியே இருக்கும். ஐஎஃப் ஷிஃப்ட் குமிழைத் திருப்பியோ, மென்பொருளில் தொனிகளை அதே அளவு நகர்த்தியோ அதைச் சரிசெய்துவிடலாம்.